எல்லையை மூடியும் எபோலா பரவியது ஏன்? நோய் அடுத்து எங்கே போகும் என கணிப்பது எப்படி?

பக்கத்து நாட்டில் தொற்றுநோய் என்றதும் எழும் முதல் குரல், ‘எல்லையை மூடுங்க’ என்பதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-ல் அதையும் செய்து பார்த்தார்கள். ஆனாலும் எபோலா 11,300-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. என்னதான் நடந்தது?

எங்கே தொடங்கியது?

2013 டிசம்பரில் கினியாவின் மெலியாண்டு கிராமத்தில் 2 வயது குழந்தை இறந்தது. அதுதான் தொடக்கம் என்று கருதப்படுகிறது. அந்தப் பகுதி சியரா லியோன், லைபீரியா எல்லைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கு வாழும் கிஸ்ஸி இன மக்களுக்கு மூன்று நாடுகளிலும் சொந்தபந்தம் உண்டு. சந்தைக்கும் சாவு வீட்டுக்கும் எல்லை தாண்டிப் போய் வருவது சகஜம்.

‘ஈர்ப்பு மாதிரி’ என்றால் என்ன?

நோய் அடுத்து எந்த ஊருக்குத் தாவும் என கணிக்க உதவும் கணக்கு இது. நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்றதுதான். இரண்டு ஊர்களிலும் மக்கள்தொகை அதிகம் என்றால் போக்குவரத்தும் அதிகம். தூரம் கூடினால் போக்குவரத்து குறையும். இதோடு, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேருக்குத் தொற்று இருக்கிறது, எத்தனை பேருக்கு இனி வரலாம் என்பதையும் நாள்வாரியாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

கணக்கு சரியாக வந்ததா?

நோயாளிகளிடம் எடுத்த 1,610 வைரஸ் மரபணுத் தொகுப்புகளை ஆராய்ந்த முடிவுகள் 2017-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியாகின. பெரிய, அருகருகே உள்ள பகுதிகளுக்கு இடையேதான் வைரஸ் அதிகம் தாவியிருந்தது. எல்லைகளை மூடிய பிறகு நாடு விட்டு நாடு பரவுவது குறைந்ததும் உண்மை. ஆனால் அதற்குள் மூன்று நாடுகளிலும் நோய் வேரூன்றிவிட்டது.

எங்கே தவறியது?

நோய் எபோலாதான் என உறுதியானதே 2014 மார்ச்சில்தான். இந்த மூன்று நாடுகளும் எல்லைகளை மூடும் அறிவிப்பு ஜூன் மாதத்தில்தான் வரத் தொடங்கியது. தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 2 முதல் 21 நாட்கள் ஆகும். இன்று நல்லா இருக்கிறவர், எல்லை தாண்டி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு படுத்துவிடலாம்.

சரி, இந்தக் கணக்கால் என்ன பயன்?

ஓர் ஊரில் நோய் உறுதியான அன்றே, அடுத்து ஆபத்து எந்த ஊர்களுக்கு என்ற பட்டியல் கிடைத்துவிடும். முதல் நோயாளி வரும் முன்பே அங்கு படுக்கை, பாதுகாப்பு உடை, பரிசோதனை வசதியை அனுப்பிவிடலாம். காட்டுவழி ஒற்றையடிப் பாதைகள் இந்தக் கணக்கில் முழுசாக வராது. அதனால் ஊர் மக்கள் சொல்லும் தகவலும் சேர்ந்தால்தான் கணிப்பு கைகொடுக்கும்.