‘நைஸ்’ என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவன் மிக விரைவிலே தன் வசப்படுத்திக்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘நைஸ்’ என்பது. அவனுக்கு உணவும் நைஸ், உடையும் நைஸ், ஊரும் நைஸ், உபாத்தியாயரும் நைஸ். கட்டுரை திருத்தும் ஆசிரியரோ அச்சொல்லைக் கண்ட இடமெல்லாம் சிவப்பு மையாற் கோடிழுத்து, “தக்க வேறு சொல் எழுதுக” என்று ஓரத்திற் குறிக்கின்றார். இவ்விருவருக்குமிடையே கிடந்து அல்லற்படும் இச்சொல், ஒரு காலத்தில் எவரும் தம்மேல் ஏற்க விரும்பாத வசைச்சொல்லாய் இருந்தது என்பதைப் பலர் அறியார்.

இலத்தீன் மொழியில் ‘ஸ்கீரே’ என்பது அறிதல் என்னும் பொருள் தரும் வினை. அதன்முன் எதிர்மறை சேர, ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன், என்னும் சொல் பிறந்தது. விஞ்ஞானத்தைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்னும் சொல்லும் அதே வினையின் வழிவந்ததே. ஒரு வயிற்றிற் பிறந்த இரண்டனுள் ஒன்று அறிவுக்குப் பெயராயிற்று. மற்றது அறியாமைக்குப் பெயராயிற்று.

1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் நீதிமன்றிலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அதன் வழியே வந்த எண்ணிறந்த சொற்களோடு இதுவும் 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்திற் குடிபுகுந்தது. 1400இல் மறைந்த கவிஞர் சோசர் ஒருவனை இச்சொல்லாற் சுட்டினால், அவன் மூடன் என்றே கொள்ளல் வேண்டும்.

மூடத்தனம் எவ்வாறு மென்மையாயிற்று? தமிழருக்கு இது விளங்காத புதிரன்று. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு எனப் பெண்டிர்க்குரிய குணங்களை எண்ணியோர், அறியாமையைக் குறிக்கும் மடத்தையும் அவற்றுள் ஓர் அணியாகவே வைத்தனர். (அது நியாயமா என்பது வேறு வழக்கு.) ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே பேதைமையிலிருந்து நாணத்திற்கும், நாணத்திலிருந்து நொய்ம்மைக்கும், அதிலிருந்து எதனையும் எளிதில் ஏற்காத நுண்சுவைக்கும், ஈற்றில் நுட்பத்திற்கும் நகர்ந்தது. ஆனால் ஒரு பொருள் போனபின்புதான் மற்றொன்று வந்தது என்று எண்ணலாகாது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இவையெல்லாம் ஒருங்கே வழங்கின. அக்கால நூலாசிரியர் எப்பொருளை மனத்திற்கொண்டு இச்சொல்லை எழுதினார் என்று துணிதல் பல இடங்களில் அரிதென ஒக்ஸ்போட் அகராதியை ஆக்கியோரே கூறியுள்ளனர்.

இதனால் விளையும் இடர்ப்பாட்டுக்குச் சேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியற்றும்’ நாடகத்திலேயே சான்றுண்டு. உறக்க மருந்து உண்டு இறந்தவள்போற் கிடக்கின்றாள் ஜூலியற். அவள் இறக்கவில்லை என்ற செய்தியை நாடுகடத்தப்பட்ட ரோமியோவுக்கு அறிவிக்க, துறவி லோறன்ஸ் ஒரு கடிதம் எழுதி, ஜோன் என்னும் மற்றொரு துறவியிடம் கொடுத்தனுப்புகின்றார். கொள்ளைநோய் அஞ்சிய நகரக் காவலர் ஜோனை ஒரு வீட்டில் வைத்துக் கதவடைத்துவிடுகின்றனர். கடிதம் போய்ச் சேரவில்லை. ஐந்தாம் அங்கத்தில் இதனைக் கேட்டுத் துணுக்குற்ற லோறன்ஸ், அக்கடிதம் ‘நைஸ்’ ஆனதன்று என்கின்றார். இன்றைய பொருள் ஒன்றையே அறிந்த மாணவன், கடிதம் இனிமையாக எழுதப்படவில்லை போலும் என்று எண்ணுவான். லோறன்ஸ் சொல்வதோ, அஃது அற்ப விடயத்தைப் பற்றியதன்று, உயிர்நிலையானது என்பதாம். இரண்டு இளம் உயிர்கள் போகப்போவதை முன்னறிவிக்கும் இடத்தில், இக்காலப் பொருளைப் பொருத்திப் படிப்பவன் வெறும் உபசாரக் குறையைக் காண்கின்றான்.

1755இல் சாமுவேல் ஜோன்சன் தம் பேரகராதியை வெளியிட்டபோது, நுண்ணிய, துல்லியமான, எளிதில் மனநிறைவு கொள்ளாத என்னும் பொருள்களே மேலோங்கி நின்றன. இனிமையான என்னும் பொருள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பரவலாயிற்று. பரவியதும் காட்டுத்தீப்போற் பரவியது.

அத்தீயைக் கண்டு நகைத்தவர் ஜேன் ஒஸ்ரின் அம்மையார். அவர் மறைந்தபின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நோத்தாங்கர் அபி’ என்னும் நாவலின் பதினான்காம் அதிகாரத்தில், பாத் நகருக்கு அருகே குன்றின்மீது மூவர் உலாவுகின்றனர். கதரின் என்னும் இளம்பெண் தனக்குப் பிடித்த கதைநூலை நைஸான நூல் என்று புகழ்கின்றாள். உடன்வந்த ஹென்றி, அது புத்தகத்தின் கட்டுவேலையைப் பொறுத்தது என்று குறும்பாக விடையிறுக்கின்றான். தொடக்கத்தில் இச்சொல் செம்மையையும் நயத்தையும் மட்டுமே குறித்ததென்றும், இப்போது எப்பொருளைப் புகழவும் இவ்வொரு சொல்லே போதுமானதாயிற்றென்றும் அவன் கேலி பேசுகின்றான்.

ஹென்றி கெட்டிக்காரன், ஆயினும் அவன் சொன்ன தொடக்கம் உண்மைத் தொடக்கமன்று. செம்மை என்பது அவனுடைய பாட்டனார் காலத்துப் பொருள். அதற்கும் முற்பட்ட பாட்டனார் மூடன் என்றே வழங்கினர். சொல்லின் தூய பொருளைக் காக்கப் புறப்படுவோர் பெரும்பாலும் இவ்வாறே, தமக்கு ஒரு தலைமுறை முந்திய வழக்கைப் பிடித்துக்கொண்டு அதுவே ஆதி என்பர். அவனுடைய சகோதரி எலினோர் விடவில்லை. அச்சொல்லுக்கு இலக்கானவன் நீயே, அதுவும் புகழ்ச்சியாகவன்று என்று, குற்றம் பார்ப்பவன் என்னும் பழைய பொருளிலேயே அதனை அவன்மீது திருப்பி எறிகின்றாள்.

1926இல் ஆங்கில வழக்கு நூலொன்றை வெளியிட்ட பௌளர் என்னும் அறிஞர், இச்சொல்லின் தனித்தன்மையைக் கெடுத்தவர்கள் சீமாட்டிகளே என்று பழி சுமத்தினார். அக்கேட்டை நூறாண்டுக்கு முன்னரே எள்ளி நகையாடியவரும் ஒரு பெண்மணியே என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இனி, சிவப்பு மைக் கோட்டின்கீழ் மாணவன் எழுதவேண்டியது யாது? உணவுக்கு ‘டெலிஷஸ்’ உண்டு. காலநிலைக்குப் ‘பிளெசன்ற்’ உண்டு. இரண்டும் பிரெஞ்சு தந்தவை. மனிதனுக்குக் ‘கைன்ட்’ உண்டு. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. எனினும் இவற்றுள் எதுவும் மற்றதன் இடத்திற் சென்று அமராது. கருணையுள்ள மனிதனைச் சுவையானவன் என்று சொல்லின் நரமாமிசம் உண்போர் நினைவே வரும். ‘நைஸ்’ மட்டுமே எல்லா ஆசனங்களிலும் அமர்கின்றது. அதனாலேயே எந்த ஆசனத்திலும் அதற்கு உரிமையில்லாமற் போயிற்று. பழைய நுட்பப் பொருளோ இரண்டோர் இடங்களில் இன்னும் ஒதுங்கி வாழ்கின்றது: இரு கருத்துகளுக்கிடையே மயிரிழையளவான வேறுபாடு காணப்படின், அதனை ‘நைஸ்’ ஆன வேறுபாடு என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்வர்.

தமிழர் வாயிலும் இச்சொல் புகுந்து தன் போக்கிலே நடக்கின்றது. கடன் கேட்டு வந்தவனைக் கண்டு ஒருவன் ‘நைசாக’ நழுவினான் என்றால், அங்கே இனிமையுமில்லை, மூடத்தனமுமில்லை. தந்திரம் மட்டுமே உண்டு. தேங்காயை ‘நைசாக’ அரைக்க வேண்டும் என்கின்ற இல்லத்தரசியோ, நுண்மை என்னும் பொருளை அம்மிக்கல்லின்மேல் வைத்துக் காக்கின்றாள். அரைத்த தேங்காயை ஆங்கிலேயன் ஒருவனிடம் காட்டி அது நைஸ்தானா என்று வினவினால், அவன் விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தே விடை சொல்வான்.