பெயர் சுட்டும் கை: பெங்களூரு வார்டு குழுவும் உத்திரமேரூர்க் குடவோலையும்

கன்னட அரசாணைகளில் குழு உறுப்பினர் நியமனத்தைக் குறிக்கும் சொல் ‘நாமநிர்தேசன’. பெயரைச் சுட்டுதல் என்பது அதன் நேர்ப்பொருள். சுட்டுதல் என்னும் வினைக்குச் சுட்டுபவர் ஒருவர் வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டின் ‘குடவோலை’ என்னும் சொல்லிலோ குடமும் ஓலையும் மட்டுமே உள்ளன, தேர்பவர் இல்லை. பெங்களூரின் வார்டு குழுக்களைப் புரிந்துகொள்ள இச்சொல் வேறுபாடு எனக்குப் பெரிதும் உதவியது.

இந்நகரின் நகராட்சி வரலாறே நியமனத்தில் தொடங்குகிறது. 1850ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1862இல் பேட்டைப் பகுதியின் முக்கியப் பிரமுகர்கள் ஒன்பதின்மரைக் கொண்டு நகராட்சி வாரியம் அமைந்தது. கண்டோன்மெண்டுக்கும் தனி வாரியம் ஏற்பட்டது. உறுப்பினரில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1880களில்தான் கிடைத்தது. யார் ‘பிரமுகர்’ என்பதை அதுவரை ஆட்சியே முடிவுசெய்தது.

1992இல் நிறைவேறிய 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஆனால் குழுவின் இடங்களை நிரப்பும் முறையை அது மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது. கர்நாடகத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குழு என வகுத்தது. மாமன்ற உறுப்பினர் தலைவர். அவருடன் மாநகராட்சி நியமிக்கும் 10 பேர். அவர்களுள் குறைந்தது 3 பெண்கள், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் இருவர், குடியிருப்போர் சங்கப் பிரதிநிதிகள் இருவர். 198 வார்டுகளுக்கு 1,980 தன்னார்வலர்கள்! உயர்நீதிமன்றத்தின் தலையீட்டிற்குப் பின்னரே குழுக்கள் நடைமுறைக்கு வந்தன. வந்தபோது, மாமன்ற உறுப்பினர்கள் தம் ஆதரவாளர்களின் பெயர்களையே முன்மொழிகின்றனர் என்ற புகாரும் உடன் வந்தது.

இனி உத்திரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபை வாரியத் தேர்வுக்கான விதிகளைக் கல்லில் வெட்டியது. 30 குடும்புகள், குடும்புக்கு ஒருவர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் எடுத்துத் தந்தான். ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றுகூட விதி இருந்தது. கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. இவ்வாறு தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடமில்லை.

இதனை மக்களாட்சியின் பொற்காலம் எனப் போற்றுவது பிழை. அது பிராமணர் சபை. வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35 முதல் 70 வரை வயது ஆகியவை தகுதிகள். ஏரியை வெட்டியவர்களும் வயலை உழுதவர்களும் குடத்தருகே வர இயலவில்லை.

ஆகவே ஒப்பீடு இருபுறமும் வெட்டுகிறது. உத்திரமேரூர் வாயிலைக் குறுக்கியது. ஆனால் வாயிலுக்குள் வந்தபின் எவர் கையும் தேர்வைத் தொடவிடவில்லை. பெங்களூரு வாயிலை அகலத் திறந்தது. தேர்வை ஒரு கையில் வைத்தது. அகலத் திறந்த வாயிலிலும் பழைய தடையின் சாயல் உண்டு. குடியிருப்போர் சங்கத்தைப் பதிவுசெய்து நடத்துவது, மனைப் பத்திரமும் ஓய்வு நேரமும் உடைய லேஅவுட்வாசிகளுக்கு எளிது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் குடிசைப் பகுதிகளில் அது அரிது. கால் வேலி நிலத்தின் இடத்தில் இன்று பதிவுச் சான்றிதழ் நிற்கிறது.

2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2025இல் பெருமாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. புதிய சட்டத்திலும் வார்டு குழு உண்டு. எத்தனை இடங்கள், எவருக்கு எத்தனை என்னும் பட்டியலை மட்டும் வாசித்து நாம் நிறைவடைகிறோம். பெயரை எழுதுவது யார், எடுப்பது யார், கணக்குக் காட்டாதவரை விலக்குவது யார் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தன்னை நியமித்தவரை எதிர்த்து, தெருவின் குப்பைக் கணக்கைக் கேட்கும் துணிவு ஒரு தன்னார்வலருக்கு வாய்ப்பது அவ்விடைகளைப் பொறுத்தே அமையும்.