காட்சிவழித் தலைச்சுற்றல்

காட்சிவழித் தலைச்சுற்றல் என்பது அசையும் பொருட்களையோ நெருக்கமான கோடுகளையோ பார்க்கும்போது தலைச்சுற்றல், தள்ளாட்டம், குமட்டல் ஆகியன தோன்றும் அல்லது மிகும் நிலை ஆகும். இது பெரும்பாலும் உட்காதின் சமநிலைக் கோளாறு ஒன்றைத் தொடர்ந்து ஏற்படுகின்றது. நரம்பியலாளர் அடோல்ஃபோ பிரான்சுடைன் 1995இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னர் இது விசுவல் வெர்டிகோ என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது.

பொறிமுறை

ஒவ்வொரு உட்காதிலும் 3 அரைவட்டக் குழல்களும் 2 செவிக்கல் உறுப்புகளும் உள்ளன. முன்னவை தலையின் சுழற்சியையும், பின்னவை நேர்க்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணர்கின்றன. இச்செய்திகளை மூளை கண், தசை, மூட்டு ஆகியவற்றின் செய்திகளுடன் இணைத்துச் சமநிலையைப் பேணுகின்றது. சமநிலை நரம்பு அழற்சி, மெனியர் நோய் போன்றவற்றால் காதின் செய்தி பிறழும்போது மூளை கண்ணையே மிகுதியாக நம்பத் தொடங்குகின்றது. எனவே கண்முன் அசைவது பிற பொருளாயினும் தன் உடலே அசைவதாக உணரப்படும். ஒற்றைத் தலைவலி உடையோரிடமும் இது காணப்படுகின்றது.

தூண்டும் சூழல்கள்

விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் தொடர்வண்டியில் இருப்பவருக்கு, பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும்போது தம் வண்டியே நகர்வதாகத் தோன்றலாம். நலமுடையோர்க்கு இம்மயக்கம் நொடியில் நீங்கும்; இந்நோயாளிகளுக்கோ தலைச்சுற்றலாக நீடிக்கும். திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் பேருந்தின் சன்னல் வழியே பின்னோக்கி விரையும் மரங்கள், பெருங்கடை அடுக்குகள், திருவிழாக் கூட்டம், கைப்பேசித் திரையில் நகரும் எழுத்துகள் ஆகியனவும் இதனைத் தூண்டும். இவற்றுக்கு அஞ்சிப் பயணத்தையும் வேலையையும் கைவிடுவோர் உண்டு.

கண்டறிதல்

தலைச்சுற்றலைப் பித்தம் எனக் கருதிக் காலந்தாழ்த்துவது தமிழகத்தில் வழக்கமாக உள்ளது. மூளைப் படிமத்தில் பெரும்பாலும் குறை எதுவும் தெரியாது. எனவே நோயாளி கூறும் வரலாறே முதன்மையானது. காதில் வெந்நீரும் தண்ணீரும் செலுத்திச் செய்யும் சோதனை உட்காதின் செயற்பாட்டை அறிய உதவும். இதனை வகுத்த இராபர்ட் பாரனி 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி ஆகியவற்றுடன் திடீரெனத் தலைச்சுற்றல் வரின் அது பக்கவாதமாக இருக்கலாம். அந்நிலையில் உடனே 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

சிகிச்சை

சமநிலைப் பயிற்சியே முதன்மைச் சிகிச்சையாகும். 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி ஆகியோர் இதன் அடிப்படைப் பயிற்சிகளை உருவாக்கினர். இன்று நகரும் கோடுகளையும் ஒளிப்படக் காட்சிகளையும் படிப்படியாகப் பார்த்துப் பழகும் பயிற்சியும் சேர்க்கப்படுகின்றது. தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகள் தொடக்கத்தில் சில நாட்களுக்கு மட்டுமே ஏற்றவை. நெடுநாள் உட்கொண்டால் மூளை ஈடுசெய்து பழகுவதை அவை தாமதப்படுத்தும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியினர், 2010இல் தொடங்கப்பட்ட முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம்.