கண் கண்டதும் கணக்கு கண்டதும்

செல் பிரிவின் இரு வகைகளில் மைட்டாசிஸ் கண்ணுக்குச் சிக்கியது. மியாசிஸ் முதலில் கணக்குக்குத்தான் சிக்கியது என்பேன். ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் இளவுயிரிகளின் செல்களுக்குச் சாயமேற்றி, உட்கருவின் இழைகளான குரோமோசோம்கள் நெடுக்குவாட்டில் பிளப்பதை 1882இல் நூலாக்கினார். எண்ணிக்கை குறையாத இந்தப் பிரிவு மட்டுமே உண்டென்றால், முட்டையும் விந்தும் சேரச்சேர, தலைமுறைதோறும் குரோமோசோம்கள் இரட்டித்துக்கொண்டே போகுமே! அதனால் எண்ணிக்கையைப் பாதியாக்கும் வேறொரு பிரிவு இருந்தே தீரவேண்டும் என்று 1887இல் வாதிட்டார் ஆகஸ்ட் வைஸ்மான். 1883லேயே பெல்ஜியத்தின் வான் பெனடன், குதிரைக் குடற்புழுவில் முட்டையின் பங்கு இரண்டு, விந்தின் பங்கு இரண்டு என்று பார்த்துவிட்டாரே எனலாம். பார்த்தார்தான், ஆனால் ஒரு புழுவில் கண்டதைப் பாலினப் பெருக்கத்துக்கே பொது விதியாக்கியது வைஸ்மானின் தர்க்கம். ஒருமுறை இரட்டித்து, இருமுறை பிரிந்து, நான்கு செல்களாகும் அந்த முறைக்கு 1905இல்தான் ஃபார்மரும் மூரும் பெயர் வைத்தார்கள்.