ஓடுபாதையும் தடுப்புத் தட்டும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கடலை நோக்கியே எழுதியுள்ளனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக அத்துறைமுகத்தை நாடிய கதை பலரும் அறிந்ததே. ஆயின், அதன் கரையிலுள்ள சீனக்குடா விமான ஓடுபாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. போர் வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டும் அதனைக் கொள்ளுதல் போதாது. பொறியியல் வரலாற்றோடும் அது தொடர்புடையது. பந்தயப் பாதையில் ஓடும் விளையாட்டுக் காருக்கு நீடித்துழைக்கும் தடுப்புத் தட்டு எது என்னும் வினாவை ஆராய்வோர், அத்தட்டு வளர்ந்த களமாகிய விமான ஓடுபாதையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தவை பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்களாகும். அவற்றின் சில்லுகளில் டன்லொப் நிறுவனத்தின் காற்றழுத்தப் பிறேக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை உருளைக்குட் கட்டைகள் விரிந்து உராயும் பழைய முறையில் அமைந்தவை. ஈராண்டுகளின் பின், 1944 ஓகஸ்ட் 10ஆம் நாள், அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இதே தளத்திலிருந்து சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளை நோக்கிப் புறப்பட்டன. முழுச் சுமையுடன் 60 தொன்னளவு நிறையுள்ள அவ்விமானங்களுக்காக ஓடுபாதை ஏறத்தாழ 7,200 அடிக்கு நீட்டப்பட்டது. பாரமும் வேகமும் கூடுந்தோறும், ஒன்றில் ஓடுபாதை நீளல் வேண்டும். அன்றேல் பிறேக் வலிமை பெறல் வேண்டும். போர்க்காலப் பொறியியலாளர் இவ்விரண்டையும் செய்ய வேண்டியவராயினர்.

உருளைப் பிறேக்கின் குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. பிறேக் என்பது இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றும் கருவி. உருளையுள் அவ்வெப்பம் அடைபட்டுக் கிடக்கின்றது. சூடேறிய உருளை விரிந்து கட்டைகளை விட்டு விலகுகின்றது. எனவே மிதி ஆழமாக இறங்குகின்றது, பிடிப்புத் தளர்கின்றது. தட்டோ காற்றிலே திறந்து சுழல்வது. அதன் இருபக்கமும் இடுக்கி போன்றதோர் அமைப்பு உராய்வுப் பட்டைகளை அழுத்துகின்றது. வெப்பத்தால் தட்டுத் தடித்தாலும் அது பட்டைகளை நோக்கியே விரிவதால் பிடிப்பு விட்டுப்போவதில்லை.

இவ்வமைப்பு புதியதன்று. 1902இலேயே ஆங்கிலப் பொறியியலாளர் லாஞ்செஸ்ரர் இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், உலோகத்தின்மீது செப்புப் பட்டை உராய்ந்ததால் எழுந்த கிறீச்சொலியும் விரைந்த தேய்வும் அதன் பரவலைத் தடுத்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதனையடுத்தும் விமானச் சில்லுகளிலேயே தட்டு முறை முதிர்ச்சியடைந்தது. 1949இல் அமெரிக்காவின் குரொஸ்லி நிறுவனம் விமானத்திலிருந்து பெற்ற தட்டுப் பிறேக்கைத் தன் சிறு கார்களிற் பொருத்தியது. பனியை உருக்க வீதிகளில் தூவப்பட்ட உப்பும் சேறும் இடுக்கிகளை இறுகச் செய்தமையால் அம்முயற்சி விரைவிற் கைவிடப்பட்டது. வலிமை மட்டும் நீடிப்பாகாது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

வெற்றி பெற்ற முயற்சி டன்லொப்பும் ஜகுவாரும் இணைந்து செய்ததாகும். சீனக்குடாவின் ஹரிக்கேன்களுக்கு உருளைப் பிறேக் வழங்கிய அதே நிறுவனமே, விமானத் தட்டுப் பிறேக்கிற் பெற்ற அனுபவத்தைப் பந்தயக் காருக்குக் கொணர்ந்தது. 1952இல் பிரான்சின் றீம்ஸ் நகரிலே ஸ்ரேர்லிங் மொஸ் ஓட்டிய ஜகுவார் சி-ரைப் முதல் வெற்றியைப் பெற்றது. 1953இல் லே மான்ஸ் 24 மணிநேரப் போட்டியில் றோல்ற், ஹமில்ரன் ஆகிய இருவரும் அவ்வகைக் காரில் வென்றனர். அப்போட்டி வரலாற்றில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீள நேர்ப்பாதையின் முடிவில் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கொல்ல வேண்டிய அவ்விடத்தில், பிந்திப் பிறேக் பிடிக்கவும் மறுநாள் வரை அப்பிடிப்பை இழக்காதிருக்கவும் தட்டுகள் உதவின. 1955இல் சித்ரொயன் டி.எஸ். வழியாகத் தட்டுப் பிறேக் பொதுமக்களின் வாகனத்திலும் இடம்பெற்றது.

பந்தயம் போரிடமிருந்து பெற்றது பிறேக்கை மட்டுமன்று, பாதையையும்தான். 1950இல் முதலாவது உலகச் சம்பியன் போட்டி நிகழ்ந்த சில்வர்ஸ்ரோன் ஒரு போர்க்கால விமானத்தளம். களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதையில் பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் ஓடுபாதை, 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை அமையும்வரை தென்னிந்தியப் பந்தயங்களின் தாயகமாக விளங்கியது. விமானம் இறங்கும் நீண்ட நேர்ப்பாதையும் அதன் முடிவிற் கூர்ந்த திருப்பமும் கொண்ட இவ்விடங்களில், எந்திரத்துக்கு நிகராகப் பிறேக்கும் சோதனைக்குள்ளாகியது.

அச்சோதனையின் அளவை ஓர் எளிய கணிப்பால் உணரலாம். 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீற்றரிலிருந்து 80 ஆகக் குறையும்போது ஏறத்தாழ 15 இலட்சம் யூல் சக்தி வெப்பமாகின்றது. நான்கு தட்டுகளும் சேர்ந்து 25 கிலோகிராம் எனவும், வெப்பம் முழுவதும் அவற்றையே சேர்கின்றது எனவும் கொள்ளின், ஒரு தடவை பிறேக் பிடிப்பதனாலேயே அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 120 செல்சியஸ் பாகை உயரும். ஒரு சுற்றில் இத்தகைய திருப்பங்கள் பல. அவற்றிடையே குளிரக் கிடைப்பதோ சில வினாடிகளே. எனவே தட்டின் ஆயுளை முதலில் நிர்ணயிப்பது வெப்பமே.

இதனை மனங்கொண்டு நோக்கின் தெரிவு தெளிவாகின்றது. சாம்பல்நிற வார்ப்பிரும்பு பழைய பொருளாயினும், அதனுள் இதழிதழாகப் படிந்துள்ள காரீயம் வெப்பத்தை விரைந்து கடத்துகின்றது, அதிர்வையும் அடக்குகின்றது. காபன் மிகுந்த வார்ப்பிரும்பு வெப்ப வெடிப்பை மேலும் தாங்கும். தட்டு நிறைமிகுந்ததாயின் ஒவ்வொரு தடவையும் ஏறும் சூடு குறையும். இரு முகங்களுக்கிடையே காற்று வழி கொண்ட தட்டு, நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பால் வெளியேற்றும். வளைந்த காற்று வழிகள் கொண்ட தட்டாயின் இடம் வலம் மாறாது பொருத்துதல் வேண்டும்.

கண்ணைக் கவரும் துளையிட்ட தட்டுகள் இங்கு ஏமாற்றமளிக்கக் கூடியவை. பட்டைகளிலிருந்து எழும் வாயு வெளியேறத் துளைகள் உதவின என்பது உண்மையே. ஆயின் மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிரும் தட்டில் வெடிப்புகள் அத்துளைகளின் ஓரத்திலேயே பெரும்பாலும் தொடங்குகின்றன. முகத்தில் மென்பள்ளங்கள் கீறிய தட்டோ, வெறும் தட்டோ நெடும் ஓட்டத்துக்கு ஏற்றது. உராயும் வளையத்தையும் அலுமினிய நடுப்பகுதியையும் வேறாக்கி இணைக்கும் இருபகுதித் தட்டு, வளையம் தடையின்றி விரிய இடமளித்துக் கோணலைத் தவிர்க்கும்.

காபன் தட்டுகளும் வானிலிருந்தே இறங்கி வந்தன. கொன்கோட் விமானம் அவற்றைக் கொண்டிருந்தது. 1976இல் பிரபாம் அணி போர்முலா 1 காரில் அவற்றைச் சோதித்தது. எனினும் அவை நன்கு சூடேறிய பின்னரே பிடிப்பன. 2001இல் போர்ஷ் கொணர்ந்த காபன்-செராமிக் தட்டு வீதியில் நெடுநாள் உழைக்கும். பந்தயப் பாதையின் கடும் வெப்பத்திலோ அதன் காபன் எரிந்து தேயக் கூடும். அதன் விலையையும் கருதி வார்ப்பிரும்புக்கே திரும்பிய பந்தயக்காரர் பலர்.

திருகோணமலை போன்ற கரையோரத்தில் இன்னுமொன்றும் கருதத்தக்கது. உப்புக்காற்று வார்ப்பிரும்பில் துருவை ஏற்றும். மேற்பரப்பில் மட்டும் படிந்த துரு முதற் சில பிறேக்குகளோடு அகன்றுவிடும். நெடுநாள் நின்ற காரிலோ அது குழிகளாகும். பிறேக் திரவமும் ஈரக்காற்றின் நீரை உறிஞ்சுவது. நீரேறிய திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து, மிதியை வெறுமையாக்கிவிடும். அந்நிலையில் எத்தகைய உயர்ந்த தட்டும் ஓட்டுநரைக் காவாது.

தொகுத்து நோக்குமிடத்து, தடுப்புத் தட்டின் வரலாறு வெப்பத்தை ஏற்கவும் விரைந்து விடுக்கவும் மனிதன் கற்ற வரலாறேயாகும். அந்த அறிவைப் போர் விரைவுபடுத்தியது. பந்தயம் அதனைச் சோதித்தது. பொதுமக்களின் வாகனம் அதனாற் பயனடைந்தது. கட்டுக்குருந்தையும் சோழவரமும் பந்தயப் பாதைகளாயின. சீனக்குடாவோ 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கைவிட்ட பின்னரும் படைத்தளமாகவே நிலைத்து, இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் களமாக உள்ளது. ஆயினும் அவ்வோடுபாதையில் அன்று இறங்கியோரின் உயிரைக் காத்த கேள்வியே, இன்று திருப்பத்தை நெருங்கும் ஓட்டுநரின் காலடியிலும் இருக்கின்றது. தட்டைத் தெரிவு செய்வோர் அதன் தோற்றத்தை விடுத்து, அது தாங்கவேண்டிய வெப்பத்தையே அளவுகோலாகக் கொள்வராயின், அவ்வரலாறு கற்பித்த பாடத்தை உணர்ந்தவராவர்.