அடகு வைத்தவரா, கடன் வாங்கியவரா?

1991-ல் இந்தியா தன் தங்கத்தை அடகு வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். வைத்தது யார் என்று கேட்டால்தான் சண்டை வரும். காங்கிரஸ்காரர் "சந்திரசேகர் ஆட்சியில்" என்பார். மற்றவர்கள் "இல்லை, நரசிம்ம ராவ் ஆட்சியில்" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே உண்மை. தங்கம் இரண்டு தடவை போனது.

ஒரு குடும்பத்தில் நகை அடகுக் கடைக்குப் போனால், கடை வாசலில் நின்றது யார் என்று மட்டும் கேட்டுவிட்டு விடுவோமா? வீட்டை அந்த நிலைமைக்குக் கொண்டு வந்தது யார் என்றும் கேட்போம் அல்லவா? நாட்டு விஷயத்தில் மட்டும் நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு வார்த்தைகள்

பற்றாக்குறை வேறு, கடன் வேறு. நாளிதழ்களே சில சமயம் இரண்டையும் குழப்பிவிடும். ஒரு வருஷத்தில் அரசாங்கத்தின் வரவை விட செலவு எவ்வளவு அதிகமோ அது அந்த வருஷத்தின் பற்றாக்குறை. அதை ஈடுகட்ட வாங்குவது கடன். பற்றாக்குறை வருஷா வருஷம் புதிதாகப் பிறக்கும். கடன் சேர்ந்துகொண்டே போகும், கூடவே வட்டியும்.

கடன் வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கடன் வாங்கிக் கடை வைப்பது ஒரு விஷயம், கடன் வாங்கி அரிசி பருப்பு வாங்குவது இன்னொரு விஷயம். மத்திய அரசு 1970-களின் கடைசி வரை பெரும்பாலும் தன் அன்றாடச் செலவை (சம்பளம், வட்டி, மானியம் போன்றவை) தன் வருமானத்திலேயே பார்த்துக்கொண்டது. அணை, ஆலை போன்றவற்றுக்குத்தான் கடன். 1979-80 முதல் அந்த வழக்கம் போனது. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்க ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் நம்மை விடவே இல்லை.

எண்பதுகளில் நடந்தது என்ன?

1980-களின் ஆரம்பத்தில் மத்திய அரசின் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் (ஜி.டி.பி.) சுமார் 6 சதவீதம். 1990-91-ல் அது 8 சதவீதத்தைத் தாண்டியது. வெளிநாட்டுக் கடன் இதே பத்து வருஷத்தில் சுமார் 2,000 கோடி டாலரிலிருந்து 8,000 கோடி டாலருக்கும் மேலே போனது. அதிலும் குறுகிய காலக் கடனும், வெளிநாடுவாழ் இந்தியர்கள் போட்டுவைத்த டெபாசிட்டும் கணிசமாக இருந்தன. இந்தப் பணம் வரும்போது மெதுவாக வரும், பயம் வந்தால் ஒரே நாளில் ஓடும்.

பணம் எங்கே போனது? உர மானியம், உணவு மானியம், ராணுவத் தளவாடங்கள், நான்காவது ஊதியக் குழு கொடுத்த சம்பள உயர்வு, நஷ்டத்தில் ஓடிய பொதுத்துறை நிறுவனங்கள். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. விவசாயிக்கு உரம் வேண்டாமா? எல்லைக்கு ராணுவம் வேண்டாமா? அந்தப் பத்து வருஷத்தில் பொருளாதார வளர்ச்சியும் முன்பை விட வேகமாக, வருஷத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இத்தனை நியாயமான செலவுகளுக்கும் வரி போட்டுப் பணம் திரட்டும் தைரியம் யாருக்கும் இல்லை. எதையாவது குறைக்கும் தைரியமும் இல்லை.

"கூட்டணி ஆட்சி என்பதால்தான் இப்படி" என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1984 டிசம்பர் தேர்தலில் ராஜீவ் காந்திக்கு 400 இடங்களுக்கு மேல் கிடைத்தது. அவ்வளவு பெரும்பான்மை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1985 டிசம்பரில் அவருடைய நிதியமைச்சர் வி.பி.சிங், நீண்டகால நிதிக் கொள்கை என்று ஓர் அறிக்கையே வைத்து, நிதி நிலைமையை ஒழுங்குபடுத்தப் போவதாகச் சொன்னார். அடுத்த நிதியாண்டில் பற்றாக்குறை குறையவில்லை, ஏறியது! எதிர்ப்பதற்கு ஆளே இல்லாத அரசாங்கத்தாலும் செலவைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால், பிரச்சனை எண்ணிக்கையில் இல்லை, விருப்பத்தில்தான் இருக்கிறது.

பில் வந்த நாள்

1989 டிசம்பரில் வி.பி.சிங் பிரதமரானார். முந்தைய அரசு விட்டுப்போன நிதி நெருக்கடி அவர் தலையில் விழுந்தது. ஆனால் அந்த "முந்தைய அரசில்" 1985 முதல் 1987 வரை நிதியமைச்சராக இருந்தவரும் அவர்தான். பிரதமரான பிறகு என்ன செய்தார்? 1990-ல் விவசாயிகளுக்கு 10,000 ரூபாய் வரையிலான கடன் தள்ளுபடி வந்தது. தேர்தல் வாக்குறுதி. விவசாயி கஷ்டம் உண்மை, அதைக் குறை சொல்லவில்லை. கஜானா நிலைமையும் உண்மை என்பதைத்தான் சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. பெட்ரோல், டீசலுக்கான கச்சா எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவில் வேலை பார்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் அழைத்துவர வேண்டியிருந்தது. அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. பலர் 1991-க்கு இதுதான் காரணம் என்பார்கள். காய்ந்த வைக்கோலில் விழுந்த தீக்குச்சி அது. வைக்கோலைப் பத்து வருஷமாக அடுக்கியது சதாம் உசேன் இல்லையே!

நவம்பரில் வி.பி.சிங் ஆட்சி கவிழ்ந்தது. அறுபது சொச்சம் எம்.பி.க்களோடு, காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, சந்திரசேகர் பிரதமரானார். நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா. 1991 ஜனவரியில் ஐ.எம்.எஃப்.பிடம் அவசரக் கடன் வாங்கினார்கள். பிப்ரவரியில் முழு பட்ஜெட் போட்டு நிலைமையைச் சரி செய்யவேண்டிய நேரத்தில் அரசியல் ஆட்டம் கண்டது. மார்ச் 4-ம் தேதி இடைக்கால பட்ஜெட் மட்டும் வந்தது. அதற்கு இரண்டே நாள் கழித்து, ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸ்காரர்கள் வேவு பார்த்தார்கள் என்ற விவகாரத்தில் காங்கிரஸ் முறுக்கிக்கொள்ள, சந்திரசேகர் ராஜினாமா செய்தார். நாடு திவாலாகும் நிலையில் இருந்தபோது ஓர் ஆட்சி போனது இரண்டு கான்ஸ்டபிள்களால்!

மே மாதம், அந்தக் காபந்து அரசின் காலத்தில், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தில் 20 டன் ஸ்டேட் பாங்க் மூலமாக ஸ்விட்சர்லாந்து வங்கிக்குப் போனது. திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தத்தோடு விற்பனை, அதாவது கிட்டத்தட்ட அடகுதான். கிடைத்தது சுமார் 20 கோடி டாலர். அதே மாதம் 21-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 21-ம் தேதி நரசிம்ம ராவ் பிரதமரானார். ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்திலிருந்து சுமார் 47 டன் விமானத்தில் ஏறி வெளிநாடு போனது. அதன்மேல் பாங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பாங்க் ஆஃப் ஜப்பானிடமும் வாங்கியது சுமார் 40 கோடி டாலர். மக்களுக்கு இது தெரிந்ததே ஓர் ஆங்கில நாளிதழ் செய்தி போட்ட பிறகுதான்.

ஜூலை 24-ம் தேதி பட்ஜெட் உரையில் மன்மோகன் சிங் நிலைமையை உடைத்துச் சொன்னார். கையிருப்பில் உள்ள அன்னியச் செலாவணி 2,500 கோடி ரூபாய், இரண்டு வார இறக்குமதிக்குத்தான் வரும். மத்திய அரசு செலவு செய்யும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கிட்டத்தட்ட 20 ரூபாய் வட்டிக்கே போகிறது. ரூபாயின் மதிப்பு அந்த மாத ஆரம்பத்திலேயே மூன்று நாளில் இரண்டு முறை குறைக்கப்பட்டிருந்தது. (தங்கம் பிறகு கடனை அடைத்து மீட்கப்பட்டது என்பது ஓர் ஆறுதல்.)

ஒரு வருகைப் பதிவேடு

இப்போது அந்தப் பத்து வருஷ நிதி நிர்வாகத்தில் யார் யார் இருந்தார்கள், 1991-ல் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்ப்போம்.

ஆர்.வெங்கட்ராமன்: 1980-82 நிதியமைச்சர். 1991-ல் ஜனாதிபதி.

பிரணாப் முகர்ஜி: 1982-84 நிதியமைச்சர். 1991 ஜூனில் திட்டக் குழுவின் துணைத் தலைவர்.

வி.பி.சிங்: 1985-87 நிதியமைச்சர். 1989-90-ல் பிரதமர்.

ராஜீவ் காந்தி: 1987 பட்ஜெட்டைத் தானே படித்த பிரதமர். 1991-ல் சந்திரசேகர் ஆட்சிக்கு ஆதரவு கொடுத்து, பிறகு கைவிட்ட கட்சியின் தலைவர்.

எஸ்.வெங்கிடரமணன்: 1980-களின் பின்பாதியில் நிதிச் செயலாளர். 1991-ல் தங்கம் போனபோது ரிசர்வ் வங்கி கவர்னர்.

மன்மோகன் சிங்: 1982-85 ரிசர்வ் வங்கி கவர்னர், 1985-87 திட்டக் குழு துணைத் தலைவர், சந்திரசேகருக்குப் பொருளாதார ஆலோசகர். 1991 ஜூனில் நிதியமைச்சர்.

இவர்களில் யாரும் திருடர்கள் இல்லை. பலர் பெரிய படிப்பாளிகள், நேர்மையானவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். ஆனால் இந்தப் பட்டியல் ஒன்றைச் சொல்கிறது. கடன் வாங்கியவர்கள் ஒரு பக்கம், அதைச் சமாளித்தவர்கள் மறுபக்கம் என்று இரண்டு கூட்டம் இல்லை. இருந்தது ஒரே கூட்டம்தான். நாற்காலிகள்தான் மாறின.

அப்படியென்றால் யார் பொறுப்பு?

"எல்லோரும்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எல்லோரும் என்றால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். என் பதில் கொஞ்சம் குறிப்பானது: நாடாளுமன்றம்.

அரசியல் சட்டத்தின் 292-வது பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரம்பு வைக்கலாம் என்கிறது. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் இதைப்பற்றிப் பேசிய அம்பேத்கர், நாடாளுமன்றம் அப்படிச் சட்டம் இயற்றும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக எந்தக் கட்சியும் அந்தப் பூட்டைப் போடவில்லை.

பூட்டு இல்லாததோடு, பின்வாசல் ஒன்றும் திறந்தே இருந்தது. 1955-ல் அரசும் ரிசர்வ் வங்கியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அரசின் கணக்கில் இருப்பு 50 கோடிக்குக் கீழே போனால், அரசு தற்காலிகக் கடன் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுக்க, ரிசர்வ் வங்கி பணத்தை நிரப்பிவிடும். யாரும் ஓட்டுப் போட வேண்டாம், விவாதம் வேண்டாம், கையெழுத்துக்கு யோசிக்கவும் வேண்டாம். தற்காலிகம் என்றது நிரந்தரமானது. 1994-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, 1997-ல்தான் இந்த வாசலை முழுதாக மூடினார்கள்.

செலவை அறிவிக்கும்போது மேடை உண்டு, மாலை உண்டு, அமைச்சர் பெயர் உண்டு. கடன் வாங்கும்போது பெயரே இல்லை. பலன் இன்றைக்கு, பில் அடுத்த ஆட்சிக்கு. எந்த மனிதனையும் இந்த ஏற்பாட்டில் உட்கார வைத்தால் அவன் கடன்தான் வாங்குவான்.

பூட்டுப் போட்டது யார் தெரியுமா?

2000 டிசம்பரில் கடன் வரம்புக்கான மசோதாவை (எஃப்.ஆர்.பி.எம்.) நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் யஷ்வந்த் சின்ஹா. ஆமாம், 1991-ல் அடகுக் கடை வாசலில் நின்ற அதே நிதியமைச்சர்! சூடு பட்டவருக்குத்தான் நெருப்பின் அருமை தெரியும் போல. 2003-ல் சட்டமானது, 2004 ஜூலையில் அமலுக்கு வந்தது. பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது.

2007-08 வரை நன்றாகவே போனது. 2008-09-ல் பட்ஜெட்டில் சொன்னது 2.5 சதவீதம், முடிந்தது சுமார் 6 சதவீதத்தில். உலக நிதி நெருக்கடி ஒரு காரணம். அதற்கு முன்பே அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடியும், ஆறாவது ஊதியக் குழுவும் மற்ற காரணங்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கு ரொக்கத்துக்குப் பதிலாகக் கொடுத்த பத்திரங்கள் பற்றாக்குறைக் கணக்கிலேயே வரவில்லை. அந்தக் கட்சிதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அடுத்து வந்த ஆட்சியில் உணவு மானியத்தின் ஒரு பகுதியை இந்திய உணவுக் கழகத்தின் பெயரில் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடனாக வாங்கவைத்து, அதையும் பற்றாக்குறைக்கு வெளியே வைத்திருந்தார்கள். 2021 பட்ஜெட்டில்தான் அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். அதே 2021-ல் பெட்ரோல் விலை ஏறியபோது, ஒரு தரப்பு பழைய ஆட்சியின் எண்ணெய்ப் பத்திரங்களைக் காட்டியது. மறுதரப்பு புதிய ஆட்சியின் வரியைக் காட்டியது. இரண்டு பேரும் மற்றவர் பில்லைத்தான் படித்தார்கள்.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு கடன் சத்தமில்லாமல் ஏறியது. இப்போது வரம்பைத் தாண்டினால் நிதியமைச்சர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்க ஆள் வேண்டும். பட்ஜெட் அன்று நாம் எல்லோரும் வருமான வரி குறைந்ததா, செல்போன் விலை குறைந்ததா என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

அடுத்த முறை எந்தக் கட்சியாவது ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்றாலும் சரி, ஒரு வரியை ரத்து செய்கிறேன் என்றாலும் சரி, இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்குப் பணம் எங்கிருந்து? கடன் என்றால், அதைக் கட்டப்போகும் வருஷத்தில் நீங்கள் எந்த நாற்காலியில் இருப்பீர்கள்?

1991-ல் தங்கம் விமானம் ஏறிய அன்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. 1985-ல் கேட்டிருக்க வேண்டும். நாம் இப்போது எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.