இருபத்தோரு ஆண்டுத் தேடல்

1935 அக்டோபர் 13 அன்று, இந்துவாகச் சாகப் போவதில்லை என்று யேவலாவில் அறிவித்தார் பாபாசாகேப். பவுத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14, நாக்பூரில். இடைப்பட்ட 21 ஆண்டுகளைத் தயக்கம் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அது தேடல்.

1936 ஏப்ரலில் அமிர்தசரசில் நடந்த சீக்கியர் மாநாட்டுக்குப் போனார். பிறகு மகனையும் அண்ணன் மகனையும் பொற்கோயிலுக்கு அனுப்பினார். பவுத்தம் மக்கள் வாழ்வில் எந்த அளவு உயிரோடிருக்கிறது என்று நேரில் அறிய 1950இல் கண்டிக்குச் சென்றார். நூலறிவுக்குக் குறைவில்லாதவர்தான். ஆனாலும் ஒரு மதம் மனிதரை எப்படி நடத்துகிறது என்பதை அதில் வாழ்பவர்களிடம்தானே கேட்க முடியும்?

தோழர்களே, மதங்களை விமர்சிக்கும் உரிமை நமக்குண்டு. நம் சேரிகளிலேயே தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களோடு உட்கார்ந்து மரியாதையோடு கேட்போம். சாதி அங்கேயும் உண்டா என்பதையும் தயங்காமல் கேட்போம்.